மலையிலிருந்து கடலுக்கு: திருகோணமலையில் வீடெடுத்துத் தங்க முழுமையான வழிகாட்டி

நம் மலையகப் பக்கத்தில் கடலுக்குப் போவதென்றால் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் நடக்கும். இரவு பத்து மணிக்கு வேன் புறப்படும். விடியும்போது ஒரு கோயில், பிறகு ஒரு குளம், மதியம் ரோட்டோரத்தில் கல் கூட்டிச் சமையல், உச்சி வெயிலில் கடல் குளிப்பு, அன்று இரவே திரும்பவும் வேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்தால்தான் உடம்பு பழைய நிலைக்கு வரும். அதிலும் ஒரு குஷி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதை ஓய்வு என்று சொல்ல முடியாது.

ஹட்டன், தலவாக்கலை, கொட்டகலை, நுவரெலியாப் பக்கமிருந்து குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கடலோரத்தில் சமையலறையோடு ஒரு வீட்டை நாலு இரவுக்கு எடுங்கள். போனபிறகு அந்த வீட்டைவிட்டு அதிகம் அலையாதீர்கள். ஹோட்டலில் இரண்டு மூன்று ரூம் எடுப்பதைவிட முழு வீடு எடுத்தால் தலைக்கு விழும் செலவு பெரும்பாலும் குறையும். குழந்தைக்குக் கஞ்சி வைக்கலாம், ஈர உடுப்பைக் காயப்போடலாம், பாட்டி மதியத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். இந்த வழிகாட்டி முழுக்கத் திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளை வைத்து எழுதியது. கடைக்காரர், ஆட்டோக்காரர், மீன்காரர் என்று எல்லோரிடமும் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம் என்பது நம் பாட்டிமாருக்குப் பெரிய நிம்மதி.

முதல் வேலை: காற்றைப் பார்த்து மாதத்தைத் தீர்மானிப்பது

இலங்கையில் எல்லாக் கடலும் எல்லா மாதமும் குளிக்க ஏற்றதாக இருக்காது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அது கொண்டுவரும் ஈரத்தையெல்லாம் நம் மலைகள் மறித்து மழையாக வாங்கிக்கொள்கின்றன. நோர்வுட், மஸ்கெலியாப் பக்கம் துவைத்த துணி மூன்று நாளாகியும் காயாமல் கிடக்கும் நாட்கள் அவை. அதே காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது ஈரமெல்லாம் வற்றி, சூடாகவும் வறண்டும் வீசும். கிழக்கில் இதைக் கச்சான் காற்று என்பார்கள். அதனால் நமக்கு மழை கொட்டும் அதே ஜூன், ஜூலை, ஓகஸ்டில் திருகோணமலையில் பகல் வெப்பம் 34, 35 பாகைக்குப் போகும். கடலும் கரையோரம் அலை அடங்கிக் கிடக்கும். கொழும்பு, காலிப் பக்கக் கடல் அப்போது கொந்தளிப்பாக இருக்கும்.

ஒக்டோபர், நவம்பரிலிருந்து எல்லாம் தலைகீழ். வாடைக்காற்று தொடங்கியதும் கிழக்கில் மழை, கடலும் குமுறும். டிசம்பர் விடுமுறையில்தான் போக முடியும் என்றால் திருகோணமலையை விட்டுவிடுங்கள். ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம் பாருங்கள், கீழே வீட்டைப் பற்றிச் சொல்வதெல்லாம் அங்கும் பொருந்தும். ஏப்ரல் இடைப்பட்ட மாதம். புதுவருடத்தை ஒட்டி இரண்டு பக்கக் கடலும் ஓரளவு அமைதி, பின்னேரத்தில் இடி மழை மட்டும் வரலாம்.

ஓகஸ்ட் பள்ளி விடுமுறைதான் நமக்கு வாய்ப்பான காலம். அதில் ஒரு சிக்கல். கண்டிப் பெரஹெர ஊர்வலம் ஜூலைக் கடைசியிலோ ஓகஸ்டிலோ வரும், அந்த நாட்களின் மாலையில் கண்டியைக் கடக்க நினைப்பவர் வேனுக்குள்ளேயே சாப்பிட்டுத் தூங்க வேண்டியதுதான். தேதியைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். நிக்கினிப் போயா என்கிற பௌர்ணமியோடு அது முடிந்துவிடும்.

பதுளை, பண்டாரவளை, பசறைக்காரர்களுக்கு ஒரு சொல். உங்களுக்குத் திருகோணமலையைவிடப் பாசிக்குடா கிட்ட. பதுளையிலிருந்து பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் வீதி நேரே மட்டக்களப்பு மாவட்டத்துக்குக் கொண்டுபோய் விடும். பாசிக்குடாக் கடலில் வெகு தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. நீச்சல் தெரியாத குடும்பத்துக்கு அதைவிட நல்ல இடம் தேடுவது கஷ்டம்.

வீட்டைத் தேர்ந்தெடுப்பது

உப்புவெளி, திருகோணமலை நகரத்திலிருந்து ஐந்தாறு கிலோமீற்றர். கடை, சாப்பாட்டுக் கடை, பார்மசி எல்லாம் நடை தூரத்தில். நிலாவெளி நகரத்துக்கு வடக்கே பதினைந்து கிலோமீற்றரளவில், அமைதி அதிகம், புறாத் தீவுக்குப் படகு அங்கிருந்துதான். சொந்த வாகனமோ வாடகை வேனோ கையில் இல்லையென்றால் உப்புவெளி. வாகனம் இருந்து, சத்தம் வேண்டாம் என்றால் நிலாவெளி.

வீடு இரண்டு வகையாகக் கிடைக்கும். ஒன்று நீச்சல்குளம், காவலாளி, சில இடங்களில் லிஃப்டும் உள்ள தொடர்மாடி வீடு. மற்றது வீட்டுக்காரர் கீழே இருக்க, மேல்மாடியைத் தனி வாசலோடு விடுவது. முதலாவதில் யாரும் உங்களைக் கேள்வி கேட்கமாட்டார்கள், வாடகை கூடும். இரண்டாவதில் வீட்டுக்கார அக்கா புட்டுக்கு மாக் குறைந்தால் கொடுப்பார், இரவு பத்துக்கு மேல் பாட்டுப் போட்டால் மேலே ஏறியும் வருவார். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இரண்டாவது வகை நல்லது என்பது என் எண்ணம், படிக்கட்டு மட்டும் செங்குத்தாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் "கடல் பக்கமா?" என்று கேட்டால் யாரைக் கேட்டாலும் "பக்கந்தான் தம்பி, ரெண்டு நிமிஷ நடை" என்பார்கள். அப்படிக் கேட்டுப் பிரயோசனமில்லை. "அண்ணே, வாட்ஸ்அப்பில வீடியோ கோல் எடுத்து, வாசல்லயிருந்து மணல் வரைக்கும் ஒருக்கா நடந்து காட்டுவீங்களா?" என்று கேளுங்கள். ஒழுங்கான வீட்டுக்காரர் தயங்கமாட்டார். அந்த நடையிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். நிலாவெளி வீதி கடலுக்குச் சற்று உள்ளே தள்ளி ஓடுகிறது. வீடு அதற்கு மேற்குப் பக்கம் என்றால் ஒவ்வொரு தடவையும் பிள்ளைகளோடு பெரிய வீதியைக் கடக்க வேண்டும். கிழக்குப் பக்கம் என்றாலும் இடையில் யாருடைய வேலியாவது மறித்து, சுற்றிப் போக நேரலாம்.

பிறகு கேட்க வேண்டியவை. வாடகையில் கரண்ட் சேர்ந்ததா, அல்லது ஏசிக்கு மீட்டர் பார்த்துத் தனிக் காசா? ஓகஸ்ட் வெயிலில் நம்மால் ஏசி இல்லாமல் தூங்க முடியாது, அதனால் இந்தக் கேள்விதான் மொத்தச் செலவையே மாற்றும். கேஸ் சிலிண்டர் நிறைந்ததா? பிரிட்ஜ், ரைஸ் குக்கர், தேங்காய் திருவும் கருவி இருக்கிறதா? குடிக்கும் தண்ணீர் என்ன? கடலோரக் கிணறுகளில் பல இடத்தில் தண்ணீர் சவர், குளிக்கத்தான் சரி. ஜன்னலுக்கு வலையா, கட்டிலுக்கு நுளம்பு வலையா? நீச்சல்குளம் இருந்தால் சுற்றி அடைப்பு உண்டா? வேனோடு போகிறவர்கள் டிரைவருக்குப் படுக்க இடம் இருக்கிறதா என்றும் கட்டாயம் கேட்க வேண்டும். இரவெல்லாம் சீட்டில் முடங்கிக் கிடந்த மனிதரிடம் திரும்பும் வழியில் றம்பொடை வளைவுகளை ஒப்படைக்கக் கூடாது.

எத்தனை பேர் என்பதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். ஆறு பேர் என்று பேசிவிட்டுப் பதினொரு பேர் இறங்கினால் வாசலிலேயே மனக்கசப்பு. உள்ளூர்க்காரருக்கும் வெளிநாட்டாருக்கும் வெவ்வேறு வாடகை வைத்திருப்பவர்கள் உண்டு, ஆகவே உள்ளூர் விலை என்ன என்று முதலிலேயே கேளுங்கள், அடையாள அட்டையை எடுத்துப் போங்கள். முன்பணமாக ஒரு பகுதி மட்டும் கட்டி, நாள், தொகை, எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள், வராவிட்டால் என்ன என்பதை ஒரு மெசேஜாக எழுதி வாங்கிக்கொண்டால் போதும்.

காசு

பெரிய செலவு வாடகையும் வேனும்தான். இரண்டு குடும்பம் சேர்ந்தால் இரண்டுமே பாதியாகும். வேன்காரர் கிலோமீற்றருக்கு இவ்வளவு என்றும், இரவுக்கு இவ்வளவு என்றும் கணக்குப் போடுவார். நாலு நாளும் வேன் சும்மா நிற்கப் போகிறதென்றால், கொண்டுபோய் விட்டுவிட்டுக் கடைசி நாள் வந்து ஏற்ற எவ்வளவு என்றும் கேட்டுப் பாருங்கள். சில சமயம் அது மலிவு, சில சமயம் இல்லை. பஸ்ஸில் போகிறவர்கள் கண்டி வரை போய், அங்கே மாற வேண்டும். ரயிலை இந்தப் பயணத்துக்கு நினைக்க வேண்டாம், சுற்றி வளைத்து ஒரு நாள் போய்விடும். சீட்டுப் போட்டுக் காசு சேர்க்கிறவர்கள் சீட்டு விழும் மாதத்தை ஓகஸ்டுக்கு முன்னால் வைத்துக்கொள்வது நல்லது.

பையில் என்ன

மரக்கறியை இங்கிருந்தே கொண்டுபோங்கள். கரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, கோவா எல்லாம் நம் சந்தையில் மலிவு, அந்தச் சூட்டையும் இரண்டு மூன்று நாள் தாங்கும். லீக்ஸும் கீரையும் தாங்காது, மாத்தளை தாண்டுவதற்குள் வாடிவிடும். அரிசி, பருப்பு, தூள் வகைகள் சின்னச் சின்னப் பொட்டலமாக. தேயிலையை மறக்கவேமாட்டோம், தெரியும். ஆனால் எவ்வளவு நல்ல தூளானாலும் சவர்த் தண்ணீரில் ஊற்றினால் சாயம் கறுத்து, வாயில் ஒரு மந்தமான ருசி வரும். தேத்தண்ணிக்கு மட்டுமாவது போத்தல் தண்ணீர் வாங்குங்கள்.

சமையல் செய்கிறவர்களுக்கு இன்னொன்று. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும், கடலோரத்தில் 100. அதனால் பானையில் வைக்கும் சோறும் பருப்பும் வீட்டில் எடுக்கும் நேரத்துக்கு முன்பே வெந்துவிடும். முதல் நாள் சோறு குழைந்தால் அரிசியைத் திட்ட வேண்டாம்.

உடுப்பு பருத்தியில் இருக்கட்டும். தொப்பி எல்லோருக்கும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பக்கெட் பத்தாவது வேண்டும். குளிரிலேயே பழகிய உடம்புக்கு வியர்வை ஊற்றும் வெயில் புதிது, தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தலைவலி, மயக்கம் என்றால் முதலில் நிழலும் ஜீவனியும்தான். நுளம்புச் சுருள், வாந்தி மாத்திரை, சித்தாலேப, பழைய துவாய் நாலைந்து. ஸ்வெட்டர் தலைக்கு ஒன்று போதும், அது திரும்பும் வழிக்கு.

வழி

விடியற்காலை நாலு மணிக்குப் புறப்படுவது நல்லது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை, கம்பளை. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை. பேராதனையில் கண்டி நகரத்துக்குள் நுழையாமல் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒதுங்கி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய், திருகோணமலை. நிறுத்தங்களோடு ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். வளைவு முடியும்வரை பிள்ளைகளுக்கு வயிறு நிறையக் கொடுக்காதீர்கள், காது அடைத்தால் மிட்டாய் ஒன்றைச் சப்பச் சொல்லுங்கள்.

மாத்தளையில் காலைச் சாப்பாடு, முத்துமாரியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு. அங்கே பிள்ளைகளிடம் சொல்ல ஒரு கதை உண்டு. தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாகத் தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் இறந்தவர்கள் ஏராளம். 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூரத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்ததும் அதற்காகத்தான். நீங்கள் மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்கு ஒரு மணி நேரத்தில் ஓடும் வழி, அவர்கள் எதிர்த்திசையில் கால்நடையாக வந்த வழி.

ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானை வீதிக்கு வரும். பகலில் பயமில்லை. மாலை ஆறு மணிக்குப் பிறகு அந்தப் பகுதியில் இருக்காதபடி நேரத்தைப் போடுங்கள். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்திக் காத்திருக்க வேண்டும், பிஸ்கட் எறிவது, இறங்கிப் படம் எடுப்பது எல்லாம் வேண்டாம். கந்தளாய்ப் பக்கம் சட்டித் தயிர் ஒன்று வாங்கிக்கொண்டால் அன்றிரவுச் சாப்பாட்டுக்கு ஆகும்.

கடலில் இறங்குவது

நமக்கு ஆறு தெரியும், அருவி தெரியும். கடல் வேறு. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு நீச்சல் தெரியாது என்பதை ஒளிக்காமல் ஏற்றுக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

காலை ஆறிலிருந்து ஒன்பதரை வரை, பின்னேரம் நாலரையிலிருந்து இருட்டும் முன்வரை. இடையில் வீட்டுக்குள் இருங்கள், அதற்குத்தானே வீடு எடுத்தோம். இடுப்பளவுத் தண்ணீர்தான் எல்லை. பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கடல் பக்கமாக நிற்க வேண்டும், கரைப் பக்கமாக அல்ல. யார் எந்தப் பிள்ளையைப் பார்ப்பது என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். எல்லோரும் பார்க்கிறோம் என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

கச்சான் காலத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று பலருக்குத் தோன்றாது. காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோரம் தண்ணீர் தட்டையாக, சாதுவாகத் தெரிவது அதனால்தான். அதே காற்று, பிள்ளை ஏறி உட்கார்ந்திருக்கும் காற்றடைத்த டியூபையும் மெத்தையையும் சத்தமில்லாமல் வெளியே தள்ளும். கால் எட்டாத இடத்துக்குப் போய்விட்டது என்று தெரியும்போது துரத்திப் பிடிப்பது நீச்சல்காரருக்கே கடினம். டியூப் விளையாட்டு நீச்சல்குளத்தோடு நிற்கட்டும். கடலில் விட்டே ஆக வேண்டும் என்றால் நீளக் கயிறு கட்டி, மறுமுனை ஒரு பெரியவர் கையில். பந்து போனால் போகட்டும், அதன் பின்னால் யாரும் போகக் கூடாது.

நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து அடித்துக் களைக்காமல், மிதந்து கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். முடிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் ஓட்டத்தை விட்டு வெளியே வரலாம். குடித்துவிட்டுக் கடலில் இறங்குவதைப் பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை. குடித்தவர் வீட்டில் இருக்கட்டும், அவ்வளவுதான்.

சொறி என்கிற ஜெல்லிமீன் பட்டு எரிந்தால் கடல் நீராலேயே கழுவுங்கள், நல்ல தண்ணீரை ஊற்றினால் எரிச்சல் கூடலாம். மூச்சுத் திணறினால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், இலவச அம்புலன்ஸ் வரும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையைக் கடுமையாகத் தாக்கியது. வீட்டுக்கு வந்த அன்றே கடலுக்கு எதிர்ப்பக்கமாக மேட்டுக்குப் போகும் வழி எது என்று கேட்டு வையுங்கள். கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் ஓட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

கரைவலையும் சமையலும்

ஒரு காலையாவது கரைவலை இழுப்பதைப் பார்த்துவிடுங்கள். படகு கடலுக்குள் அரைவட்டமாக வலையை விட்டுவிட்டு வரும். இரண்டு முனைக் கயிறும் கரையில். இரண்டு வரிசையாக ஆட்கள் குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒரே தாளத்தில் இழுப்பார்கள். சில இடங்களில் இப்போது டிராக்டர் இழுக்கிறது. இரண்டு வரிசையும் மெல்ல மெல்ல ஒன்றையொன்று நெருங்கும். கடைசியில் வலையின் மடி கரைக்கு வரும்போது தண்ணீரே கொதிப்பதுபோல் சூடை, கீரி மீன்கள் துள்ளும், காகங்கள் தலைக்கு மேல் ஒன்றையொன்று மிதிக்கும். பிள்ளைகள் கயிற்றைப் பிடிக்க ஆசைப்பட்டால் கேட்டுவிட்டுப் பிடிக்கட்டும், ஆனால் கயிறு இழுவையில் இருக்கும்போது குறுக்கே தாண்டக் கூடாது.

மீனை அங்கேயே வாங்கலாம். நாம் இங்கே சாலயா, பலயா, தோரா என்று வாங்குபவற்றை அங்கே சூடை, சூரை, அறக்குளா என்று கேட்க வேண்டும். செவுள் சிவந்து, கண் பளிச்சென்று இருந்தால் நல்ல மீன். வெட்டித் தரச் சொல்லி வாங்குங்கள், வீட்டுக்குள் மீன் கழுவினால் வீட்டுக்காரர் முகம் சுருங்கும். சூடையை மஞ்சள், மிளகாய்த் தூள், உப்புப் பிசறி மொறுமொறுவென்று பொரித்து, தேங்காய்ப்பால் சொதியும் சம்பலும் வைத்தால் வேறு கறி வேண்டாம். மதியம் மட்டும் வீட்டுச் சமையல், இரவுக்குக் கொத்தோ இடியப்பமோ கடையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வீட்டுப் பெண்களுக்கு அடுப்படி மாறியதே தவிர விடுமுறை வந்திருக்காது. ஆண்கள் ஒரு நாள் சமைத்தால் இன்னும் நல்லது.

சுற்றிப் பார்க்க

நாலு இரவுக்கு மூன்று இடம் போதும். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

முதலாவது கோணேசர் கோயில், அதில் விவாதமே இல்லை. கடலுக்குள் நீண்டு நிற்கும் சுவாமிமலைப் பாறையின் உச்சியில் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலம். பழைய கோயிலை 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கற்களையும் கொண்டு கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதைப் பிடித்தார்கள், பிரட்றிக் கோட்டை என்ற பெயர் ஆங்கிலேயர் வைத்தது. இன்றுள்ள கோயில் கடந்த நூற்றாண்டில் எழுந்தது. கோட்டை வாசல் வழியாகத்தான் மேலே போக வேண்டும், வழியில் புள்ளிமான்கள் ஆள் பயமின்றி நிற்கும். பின்னேரப் பூசைக்குப் போனால் வெயிலும் இறங்கியிருக்கும், கல் தரையும் காலைச் சுடாது. பூசை முடிந்ததும் பாறை விளிம்புக்கு வந்து இராவணன் வெட்டைப் பாருங்கள். பாறையை மேலிருந்து கீழே வரை பிளந்த பிளவு, அடியில் கடல் நுழைந்து மோதிக்கொண்டே இருக்கும். பிள்ளை வரம் வேண்டிக் கட்டிய சின்னச் சின்னத் தொட்டில்கள் மரத்தில் தொங்குவதும் அங்கேதான். முழங்கால் மூடிய உடுப்பு வேண்டும். அர்ச்சனைத் தட்டைக் குரங்கிடமிருந்து காப்பாற்ற ஒருவர் தனியாக வேண்டும்.

புறாத் தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றரளவில். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, மாடப்புறாக்களால் வந்த பெயர். வனஜீவராசிகள் திணைக்கள டிக்கட்டை வாங்கிப் படகில் போக வேண்டும், உள்ளூர்க் கட்டணத்துக்கு அடையாள அட்டை தேவைப்படும். காலை முதல் படகுகளில் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் கூட்டமும் வெயிலும். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமலே, கண்ணாடியும் மூச்சுக் குழாயும் போட்டு முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்தால் பவளப்பாறையும் வண்ண மீன்களும் தெரியும். சின்னக் கருந்துடுப்புச் சுறாக்கள் ஓரமாகச் சுற்றும், துரத்தாவிட்டால் அவை தம் பாட்டில் போகும். பவளத்தில் கால் வைக்காதீர்கள். அது உயிருள்ளது, மிதித்தால் செத்துவிடும், காலையும் கிழிக்கும். நடக்கப் பழகாத குழந்தையையும் பாட்டியையும் அன்று வீட்டில் விடுவதுதான் அவர்களுக்கும் நிம்மதி.

மூன்றாவது கன்னியா வெந்நீரூற்று, நகரத்திலிருந்து எட்டு கிலோமீற்றரளவில். ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கினான் என்பது ஐதீகம், இன்றும் இறந்தவர்களுக்குக் கிரியை செய்ய வருகிறார்கள். வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்ளலாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே வேலை இருக்காது. அதே திசையில் வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி, தமிழ்க் கல்வெட்டுகள் உள்ள இடம். வரலாறு படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் தவறவிடாதீர்கள், மற்றவர்களுக்கு வெயிலில் செங்கல் பார்ப்பது அலுக்கும்.

அமைதியான குளிப்புக்கு விமானப்படை நடத்தும் மார்பிள் பீச் நல்லது, டிக்கட் உண்டு. நிலாவெளி வீதியோரப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்த வீரர்கள் அடக்கம். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைக் குண்டு வீசித் தாக்கின. திமிங்கிலம் காட்டும் படகுக்கும் ஆள் பிடிப்பார்கள். பல மணி நேரம் ஆழ்கடலில் ஆட வேண்டும், நம் பிள்ளைகளின் வயிற்றுக்கு அது தோதுப்படாது, காசை மிச்சம் பிடியுங்கள்.

திரும்பும் நாள்

முந்தின இரவே மூட்டை கட்டிவிடுங்கள். மணலை வாசல் குழாயில் கழுவிவிட்டே உள்ளே வர வேண்டும், குளியலறைக் குழாய் அடைத்தால் வைப்புப் பணத்தில் கைவைப்பார்கள். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒவ்வொரு அறையையும் சேர்ந்து பார்த்து, மீட்டரைப் பார்த்து, பாக்கியைத் தீர்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் வெளிச்சத்திலேயே மலையேறிவிடலாம். ஸ்வெட்டர்களைப் பையின் மேலே வையுங்கள், புசல்லாவை தாண்டியதும் தேடுவார்கள். கருவாடு வாங்குகிறவர்கள் இரண்டு பொலித்தீன் பைகளில் இறுக்கிக் கட்டி, மூடியுள்ள வாளிக்குள் போட்டு, வேனின் கடைசிச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். ஏசி வேனென்றால் டிரைவரிடம் முதலிலேயே கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.